ஒரு சதுர அடிக்கு ஒரு ஸ்கூட்டர்: ஓசூர் எல்லையில் கட்டடமும் கலையும்

1.15 மில்லிமீட்டர். 2002இல் விற்பனைக்கு வந்த டைட்டன் எட்ஜ் கைக்கடிகாரத்தின் மூவ்மென்ட் அவ்வளவுதான் தடிமன். கண்ணாடி, முள், பெட்டி எல்லாம் சேர்த்தால் 3.5 மில்லிமீட்டர். வங்கி அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அதாவது ஒன்றரை அட்டை உயரத்துக்குள் ஓடும் இயந்திரம் ஒன்றை ஓசூரின் சிப்காட் அரசுத் தொழிற்பேட்டையில் இருந்தவர்கள் செய்து முடித்தார்கள். ஓசூரைத் தொழிற்சாலை ஊர் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இந்த எண்ணைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது ஒரு வடிவமைப்புச் சாதனை. அதற்கு ஆன காலத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கின. ஓசூர் ஆலை 1987 வாக்கில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. அன்றைய தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் படித்து வந்த இளைஞர்கள் அதன் முதல் தொழிலாளர்களில் கணிசமாக இருந்தார்கள். 1987இலிருந்து எட்ஜ் வரை 15 ஆண்டு. அதே ஊரில் டிவிஎஸ் 1980இல் 50 சிசி மொபெட்டை வெளியிட்டது. பிறகு சுசுகியுடன் கூட்டுச் சேர்ந்தது, 2001இல் பிரிந்தது. அதே ஆண்டு தன் சொந்த வடிவமைப்பில் நான்கு ஸ்ட்ரோக் விக்டர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. மொபெட்டிலிருந்து விக்டர் வரை 21 ஆண்டு. இரண்டே எடுத்துக்காட்டுகளிலிருந்து விதி எழுத முடியாது. ஆனாலும் ஓர் ஊர், பொருத்தித் தரும் வேலையிலிருந்து வரைந்து தரும் வேலைக்கு நகர 15 முதல் 21 ஆண்டு பிடித்திருக்கிறது என்பது பதிவு. அத்தனை ஆண்டும் ஆட்கள் அந்த ஊரிலேயே தங்கியிருக்க வேண்டும். தங்குவதற்கு ஊர் என்ன வைத்திருக்கிறது என்பதே இந்தக் கணக்கின் பொருள்.

முதலில் ஊரின் அளவு. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பரப்பு 5,143 சதுர கிலோமீட்டர். 2001இல் 15.61 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 18.80 லட்சம். பத்தாண்டு வளர்ச்சி 20.4 சதவீதம். மாநிலத்தின் வளர்ச்சி 15.6 சதவீதம். எழுத்தறிவு 71.46 சதவீதம், மாநிலத்தில் 80.09. மக்கள்தொகையில் மாநிலத்தைவிட வேகமாக வளரும் மாவட்டம், எழுத்தறிவில் 8.63 புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஓசூர் நகராட்சி அதே பத்தாண்டில் சுமார் 84 ஆயிரத்திலிருந்து 1.17 லட்சமானது, ஏறத்தாழ 38 சதவீத உயர்வு. சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்து 2019 பிப்ரவரியில் மாநகராட்சியானபோது, அதன் எல்லைக்குள் 2011 கணக்குப்படியே சுமார் 2.45 லட்சம் பேர் இருந்தனர். இன்று 45 வார்டு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் இந்த எண்கள் எல்லாம் பழையவை. கீழே வரும் பெரிய ஆலைகளோ 2011க்குப் பிறகு வந்தவை. ஆகவே தலைக்கு இவ்வளவு என்று இங்கே வரும் எந்தக் கணக்கும் உண்மை நிலையைவிடத் தாராளமாகவே காட்டும்.

இனி ஆலைகளின் தரைப்பரப்பு. மின் ஸ்கூட்டர் நிறுவனமான ஏத்தர் எனர்ஜி 2021 தொடக்கத்தில் ஓசூரில் திறந்த ஆலை 1.23 லட்சம் சதுர அடி. 2022 நவம்பரில் திறந்த இரண்டாவது ஆலை 3 லட்சம் சதுர அடி. இரண்டும் சேர்ந்து 4.23 லட்சம் சதுர அடி. மொத்த உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 4.2 லட்சம் வண்டி. வகுத்தால் ஒரு சதுர அடித் தரைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு ஸ்கூட்டர் வருகிறது. ஓசூரில் ஒரு சதுர அடி நிலத்தை வேறு எதற்காவது கேட்கிறவர் இந்த விகிதத்தோடுதான் போட்டியிட வேண்டும். நூலகத்துக்கோ நாடக அரங்குக்கோ இப்படி ஒரு விளைச்சல் எண் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் அவை தோற்பதற்கு முதல் காரணம் இதுவே.

போச்சம்பள்ளி அருகே ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை 500 ஏக்கர். 2020 டிசம்பரில் அறிவித்த முதலீடு 2,400 கோடி ரூபாய். முழுத் திறன் ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி, இரண்டு விநாடிக்கு ஒன்று என்று சொல்லப்பட்டது. இரண்டு விநாடிக்கு ஒன்று வீதம் ஒரு கோடி வண்டி செய்ய 2 கோடி விநாடி வேண்டும். 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 15.2 மணி நேரம், கிட்டத்தட்ட இரண்டு ஷிப்ட். கணக்கு பொருந்துகிறது. நடப்பு வேறு. 2024-25 நிதியாண்டில் நிறுவனம் ஒப்படைத்த வண்டிகள் 3,59,221. இது ஒரு கோடியில் 3.6 சதவீதம், 88 விநாடிக்கு ஒன்று. ஒப்படைப்பும் உற்பத்தியும் ஒன்றல்ல. ஆலையும் ஒரு கோடிக்கு இன்னும் நிறுவப்படவில்லை. இடைவெளியின் அளவு மட்டும் தெளிவு.

அதே ஆலையின் வடிவமைப்பில் என் கண்ணில் நிற்கும் எண் வேறு. வளாகத்துக்குள்ளும் சுற்றிலும் 100 ஏக்கர் காடு, அதில் இரண்டு ஏக்கர் ஆலைக் கட்டடத்துக்கு உள்ளேயே என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. 100 ஏக்கர் என்பது மொத்த நிலத்தில் 20 சதவீதம். உள்ளே இரண்டு ஏக்கர் என்றால் 87,120 சதுர அடி. பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023 பிப்ரவரியில் திறந்த கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் 44,000 சதுர அடி. மேத்யூ அண்டு கோஷ் என்ற கட்டடக் கலையகம் வரைந்த ஐந்து மாடிக் கட்டடம் அது. வெளிச்சுவரில் குறுக்குக்கோடு அழுத்திய எஃகுத் தகடுகள், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பக்கங்களைப் போல. கோடிக்கு மேல் மக்கள் வாழும் மாநகரத்தில் எல்லோரும் பேசும் அந்தக் கலைக் கட்டடத்தைவிட, போச்சம்பள்ளி ஆலைக்குள் மரம் வளர்க்க ஒதுக்கிய இடம் இரு மடங்கு. இடம் இல்லை என்ற பேச்சுக்கு இந்த மாவட்டத்தில் ஆதாரம் இல்லை.

பிறகு எது இல்லை? நான்கு நிறுவனங்களை வரிசையில் வைத்துப் பார்க்கலாம். டைட்டனின் பதிவு அலுவலகம் ஓசூர் சிப்காட் வளாகம், எண் 3. அதன் தலைமையகமான 'இன்டெக்ரிட்டி' வளாகம் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சஞ்சய் மோஹேயின் மைண்ட்ஸ்பேஸ் கலையகம் வரைந்த அந்த வளாகம், நீர்ப்பரப்பும் பசுமைத் தளங்களும் கொண்டது, இந்தியக் கட்டடக்கலை இதழ்களில் பேசப்பட்டது. ஏத்தரின் ஆராய்ச்சியும் வடிவமைப்பும் பெங்களூருவில், ஆலை ஓசூரில். ஓலாவின் தலைமையகம் கோரமங்கலாவில், ஆலை போச்சம்பள்ளியில். டிவிஎஸ் மட்டும் தன் ஆராய்ச்சிப் பிரிவை ஓசூரிலேயே வைத்திருக்கிறது. நான்கில் மூன்று. வரையும் மேசை கர்நாடகத்தில், முறுக்கும் ஸ்பேனர் தமிழ்நாட்டில். இரண்டுக்கும் இடையே அத்திப்பள்ளி எல்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு நகர மையம் சுமார் 40 கிலோமீட்டர், எலக்ட்ரானிக் சிட்டி அதில் பாதித் தூரம்.

இந்தப் பிரிவினைக்குச் சம்பளம், பள்ளி, விமான நிலையம் எனப் பல காரணங்கள். கலைக்கூடம் இல்லாததால்தான் வடிவமைப்பாளர் வரவில்லை என்று சொல்ல என்னிடம் எண் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியே 1978இல் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் 332 ஏக்கரில் தொடங்கிய தொழிற்பேட்டைதான். தொடக்கத்தில் அங்கும் அரங்கமோ அருங்காட்சியகமோ கிடையாது. எனினும் அதன் பின்னால் ஒரு மாநகரம் இருந்தது. ஓசூரின் பின்னால் இருப்பது அதே மாநகரம்தான், மாநில எல்லைக்கு அப்பால். அதனால் ஓசூரில் சம்பாதித்த மாலைப் பொழுதும் ஞாயிற்றுக்கிழமையும் எல்லை தாண்டிச் செலவாகின்றன.

தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் என்ன வரும்? 44,000 சதுர அடியை 2011இன் பெங்களூரு மக்கள்தொகையான 84.4 லட்சத்தால் வகுத்தால் தலைக்கு 0.0052 சதுர அடி. அதே வீதத்தில் ஓசூரின் 2.45 லட்சம் பேருக்குக் கிடைப்பது 1,277 சதுர அடி, மூன்று படுக்கையறை வீடு ஒன்றின் அளவு. இந்த வகுத்தல் பிழையற்றது, பயனற்றது. ஓர் அரங்கத்துக்கும் ஒரு நூலகத்துக்கும் குறைந்தபட்ச அளவு என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே போனால் அது அறை.

பொருத்தமான ஒப்பீடு மதுரை. 2023 ஜூலை 15இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2,13,338 சதுர அடி. நூல்கள், கணினி, தளவாடம் உட்பட மொத்தச் செலவு சுமார் 215 கோடி ரூபாய். சதுர அடிக்கு 10,078 ரூபாய். மதுரை மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 30.38 லட்சம். நூறு பேருக்கு 7 சதுர அடி. அதே வீதத்தைக் கிருஷ்ணகிரியின் 18.80 லட்சத்துக்கு வைத்தால் 1.32 லட்சம் சதுர அடி. அதே விலையில் 133 கோடி ரூபாய். மதுரைக்குப் பத்து தென் மாவட்டத்தாரும் வருகிறார்கள் என்பதால் இந்த வீதத்தைச் சற்றுக் குறைக்கலாம். ஓசூரில் கட்டினால் எல்லைக்கு அப்பாலுள்ள ஆனேக்கல், சந்தாபுரா தமிழர்களும் வருவார்கள் என்பதால் திரும்பக் கூட்டலாம். 133 கோடி என்பதை நடுவான எண்ணாக வைத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் உண்டு. இந்த வட்டாரத்து நடுகற்களைக் காப்பதில் அதன் பங்கு பெரிது. ஆனால் லட்சம் சதுர அடி அளவில் ஒரு பொதுப் பண்பாட்டுக் கட்டடம் மாவட்டத்தில் எங்கும் இல்லை.

இங்கே மத்திகிரிக்குப் போக வேண்டும். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் டைட்டன் ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பைத் திட்டமிட்டவர் சார்ல்ஸ் கொரியா. அவர் 1970 முதல் 1975 வரை நவி மும்பையின் தலைமைக் கட்டடக் கலைஞர். டைட்டனின் முதல் நிர்வாக இயக்குநர் ஜெர்க்சஸ் தேசாயும் அந்த நகரத் திட்டத்தில் பணியாற்றியவர். ஒரு கடிகார ஆலையின் தொழிலாளர் வீடுகளுக்கு நாட்டின் முதல் வரிசைக் கட்டடக் கலைஞரை அழைத்தது சிறிய முடிவல்ல. ஒரு நிறுவனம் தன் பொருளுக்கு எடுக்கும் கவனத்தை ஊழியர் வாழும் தெருவுக்கும் எடுத்தது என்பதற்கு இந்த எல்லைப்பகுதியில் எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

கொரியாவின் குடியிருப்புச் சிந்தனையை அளந்து பார்க்க ஏற்றது நவி மும்பை பேலாப்பூர், 1983 முதல் 1986 வரை கட்டியது. கலைஞர் கிராமம் என்றே அதற்குப் பெயர். 5.4 ஹெக்டேரில் சுமார் 550 குடும்பங்கள். மனை 45 முதல் 75 சதுர மீட்டர். ஏழு வீட்டுக்கு நடுவே 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றம். அப்படி மூன்று தொகுப்பு சேர்ந்து 21 வீட்டுக்கு 12 மீட்டருக்கு 12 மீட்டர் வெளி. இன்னும் மூன்று மடங்காகி 63 வீட்டுக்குச் சுமார் 20 மீட்டருக்கு 20 மீட்டர். ஒரு வீட்டுக்குப் பங்கிட்டால் முதல் முற்றத்தில் 9.1, இரண்டாவதில் 6.9, மூன்றாவதில் 6.3, ஆக 22.3 சதுர மீட்டர், அதாவது 240 சதுர அடி பொதுவெளி. குடும்பத்துக்கு ஐந்து பேர் என்றால் தலைக்கு 48 சதுர அடி. வீடுகள் பொதுச்சுவர் இல்லாமல் தனித்தனியாக நிற்பதால் உரிமையாளர் தன் வசதிக்கேற்ப அறை சேர்க்கலாம், மாடி எடுக்கலாம். உள்ளூர்க் கொத்தனாரே போதும்.

அடுத்த எண் இன்றைய தமிழ்நாட்டிலிருந்து. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்ட் 17இல் திறந்தது. 20 ஏக்கர், 13 தொகுதி, ஒவ்வொன்றிலும் 10 மாடி, 240 அறை. அறைக்கு ஆறு பேர். 13ஐ 240ஆல் பெருக்கி ஆறால் பெருக்கினால் 18,720 படுக்கை. செலவு 706.5 கோடி ரூபாய், படுக்கைக்கு 3.77 லட்சம். 20 ஏக்கர் என்பது 8,71,200 சதுர அடி. படுக்கைக்கு 46.5 சதுர அடி நிலம். கட்டடம், சாலை, வாசல், புல்வெளி எல்லாம் அதற்குள். பேலாப்பூரில் ஒருவருக்கு முற்றமாக மட்டும் விட்ட 48 சதுர அடியைவிட, இங்கே ஒருவருக்கான மொத்த நிலமே ஒன்றரைச் சதுர அடி குறைவு.

இந்த ஒப்பீட்டைக் கடுமையாகப் பயன்படுத்தக் கூடாது. ஒன்று குடும்பங்களுக்கான தாழ்ந்த வீடுகள், மற்றது தனியாக வேலைக்கு வந்த இளம்பெண்களுக்கான மாடிக் கட்டடம். தண்ணீர், பாதுகாப்பு, கழிப்பறை மூன்றிலும் தனியார் வாடகை அறைகளோடு ஒப்பிட்டால் வல்லம் வடகால் பெரிய முன்னேற்றம், அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இதே மாதிரி இப்போது கிருஷ்ணகிரிக்கும் தேவைப்படுகிறது. கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் சுமார் 500 ஏக்கரில் அமைத்த ஆலைக்கு ஒப்பந்தத்தில் குறித்த முதலீடு 4,684 கோடி ரூபாய், வேலைவாய்ப்பு சுமார் 18,000. பெண் தொழிலாளர் எண்ணிக்கையை 45,000 வரை உயர்த்தும் திட்டம் என்று 2022இன் இறுதியில் செய்தி வந்தது. அந்த 45,000 பேருக்கும் வல்லம் வடகால் விலையில் படுக்கை அமைத்தால் 1,698 கோடி ரூபாய், முதல் முதலீட்டில் 36 சதவீதம். அதில் ஒரு சதவீதத்தை வாசிப்பு அறைக்கும் மேடைக்கும் ஒதுக்கினால் 17 கோடி. படுக்கைக்கு இரண்டு சதுர அடி பொது அறை சேர்த்தால் 90,000 சதுர அடி, பெங்களூரு அருங்காட்சியகம் இரண்டு. ஆலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் 18இலிருந்து 25 வயதுக்குள். பாடவும் வரையவும் எழுதவும் ஆட்கள் சேரும் வயது அதுவே. ஆறு பேர் அறையில் விளக்கணைக்கும் நேரத்தைக்கூடத் தனியாக முடிவு செய்ய முடியாது. கதவுக்கு வெளியே ஒரு மேசை வேண்டும்.

கட்டடம் இல்லாமல் படைப்பு இல்லை என்பதல்ல. ஓசூரில் வாழும் பா. வெங்கடேசன் 2008இல் 'தாண்டவராயன் கதை'யையும் 2016இல் 'பாகீரதியின் மதியம்' நாவலையும் தந்தார். ஆதவன் தீட்சண்யா இங்கிருந்தே எழுதுகிறார், 'புதுவிசை' இதழை நடத்தினார். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழோடு ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. எழுத்துக்கு ஒரு மேசை போதும், அது எப்படியோ வந்துவிட்டது. நாடகம், சிற்பம், வடிவமைப்பு, கட்டடக்கலை ஆகிய நான்குக்கும் கூரை உயரமும் தரைப்பரப்பும் வேண்டும். ஓசூர் அதியமான் பொறியியல் கல்லூரியில் ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் படிப்பு இருக்கிறது. அந்த மாணவர்கள் தங்கள் வரைபடங்களை ஊராருக்குக் காட்ட ஊருக்குப் பொதுவான காட்சிக்கூடம் கிடையாது.

இப்போது பணம். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் நம்பும் எண் இங்கே வருகிறது. டைட்டனில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தின் 25.02 சதவீதத்தைவிட அதிகம். பங்கு எண்ணிக்கை சுமார் 24.75 கோடி. 2022-23க்கு நிறுவனம் பங்குக்கு 10 ரூபாய் ஈவுத்தொகை தந்தது, 2023-24க்கு 11, 2024-25க்கும் 11. பெருக்கினால் டிட்கோவுக்கு 247.5 கோடி, 272 கோடி, 272 கோடி ரூபாய். மூன்றாண்டில் ஏறத்தாழ 792 கோடி. ஓசூரில் பிறந்த ஒரே நிறுவனத்திலிருந்து அரசு நிறுவனத்துக்கு ஓராண்டில் வரும் ஈவுத்தொகை, மதுரை நூலகத்தின் மொத்தச் செலவான 215 கோடியைவிட 57 கோடி அதிகம்.

மேலே கிருஷ்ணகிரிக்கு என்று வந்த 133 கோடி, ஓராண்டு ஈவுத்தொகையில் 49 சதவீதம். ஒரே ஆண்டில் பாதியைக் கேட்பது நடைமுறையில்லை. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்று வைத்தால் 13.6 கோடி, பத்தாண்டில் 136 கோடி. தொகை பொருந்துகிறது. கட்டுமான விலை ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பத்தாவது ஆண்டில் 133 கோடி 238 கோடியாகிவிடும் என்பதால் சேர்த்துவைத்துக் கட்டுவதைவிடக் கட்டம் கட்டமாக, ஆண்டுக்குச் சுமார் 13,000 சதுர அடி எழுப்புவதே மேல். டிட்கோவின் வருமானம் தொழில் வளர்ச்சிக்கானது, நூலகத்துக்கானது அல்ல என்ற எதிர்வாதம் நியாயமானது. அதற்கு என் பதில் முதல் பத்திகளில் உள்ள 15, 21 என்ற இரண்டு எண்கள். வடிவமைப்பும் தொழில் வளர்ச்சிதான், அதற்கு ஆட்கள் ஊரில் தங்க வேண்டும். டைட்டன் நாடு முழுவதும் விற்றுத்தான் இந்த லாபம் ஈட்டுகிறது, ஓசூருக்கு மட்டும் உரிமை இல்லை என்பதும் உண்மை. ஐந்து சதவீதம் உரிமையும் அல்ல, திருப்பித் தருதல்.

கட்டுமானப் பொருளுக்கும் வெளியே போக வேண்டியதில்லை. பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கருஞ்சிவப்பு அலையோடிய கிரானைட் 'பாரடைசோ' என்ற பெயரில் உலகச் சந்தையில் விலைபோகிறது. தேன்கனிக்கோட்டைச் சாலையோரத் தோட்டங்களில் வேலிக்கு நட்டிருப்பதும் கல்தூண்தான். கிட்டே போய்ப் பார்த்தால் விளிம்பு நெடுக, ஆப்பு வைத்துப் பிளந்த துளைகளின் பாதித் தழும்புகள் ஒரே இடைவெளியில் வரிசையாக இருக்கும். ரம்பம் படாத பக்கம் சொரசொரப்பு, மழைநீர் இறங்கிய பக்கம் கறுப்பு. 7 அடி உயரம், 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்றால் 1.17 கன அடி, எடை சுமார் 89 கிலோ. இதே கல்லை 20 மில்லிமீட்டர் பலகையாக அறுத்தால் சதுர அடிக்கு 5 கிலோ. 50,000 சதுர அடித் தரைக்கு 250 டன், பத்து டன் லாரியில் 25 நடை. மாவட்டத்துக் கல், மாவட்டத்துக் கைகள். ஓசூர்ச் சாலையோரப் புதுக் கட்டடங்களின் முகப்பில் பார்த்தால், பளபளக்கும் அலுமினியப் பலகையும் நீலக் கண்ணாடியும்தான் அதிகம். இந்த ஊர் தன் காலடியில் கிடப்பதைத் தன் முகத்தில் வைத்துக்கொள்ளாதது எனக்கு வருத்தம்.

வரப்போகும் கட்டடங்களில் இரண்டுக்கு எண் வெளியாகியிருக்கிறது. 2024 ஜூனில் அறிவித்த ஓசூர் விமான நிலையம் 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம் 150 கிலோமீட்டருக்குள் புதிய பன்னாட்டு நிலையத்துக்கு 2033 வரை தடை வைத்திருக்கிறது, ஆகவே அது தொலைவில் உள்ள கணக்கு. அண்டையில் பார்க்க வேண்டிய முன்மாதிரி பெங்களூரு விமான நிலையத்தின் இரண்டாம் முனையம். எஸ்ஓஎம் என்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்தது. சுமார் 2.55 லட்சம் சதுர மீட்டர், 5,000 கோடி ரூபாய், கூரையெங்கும் மூங்கில். சதுர அடிக்கு 18,200 ரூபாய், மதுரை நூலகத்தின் 1.8 மடங்கு.

அருகில் உள்ளது டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா. 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை ஓசூருக்கு 5 லட்சம் சதுர அடியில் 400 கோடி ரூபாய்க்கு அதை அறிவித்தது. சதுர அடிக்கு 8,000 ரூபாய். வரையும் மேசைகள் எல்லையின் இந்தப் பக்கம் வருவதற்கு அரசு போடும் முதல் பெரிய தொகை அது. பிரான்சில் பொதுக் கட்டடச் செலவில் ஒரு சதவீதம் கலைப்படைப்புக்கு என்பது விதி; 1951இல் கல்விக் கட்டடங்களுக்குத் தொடங்கிப் பின்னர் மற்றவற்றுக்கும் விரிந்தது. அந்த விதியை ஓசூர் டைடலுக்கு வைத்தால் 4 கோடி. கல்லும் சிற்பியும் மாவட்டத்திலேயே கிடைப்பதால் 4 கோடிக்கு நிறையச் செய்யலாம். அதைவிட முக்கியம் தரைத்தளம். மொத்தப் பரப்பில் மூன்று சதவீதம், 15,000 சதுர அடியை, அடையாள அட்டை கேட்காத பொதுவெளியாக விட்டால் செலவு 12 கோடி: ஒரு காட்சிக்கூடம், 250 இருக்கை அரங்கம், ஒரு வாசிப்பு அறை. வாடகை இழப்பும் உண்டு, அதையும் கணக்கில் எழுதியே கேட்கிறேன்.

நேரத்தையும் சேர்க்க வேண்டும். ஆலைகளின் மூன்று ஷிப்ட் பொதுவாகக் காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்கு மாறுகிறது. காலை 10 முதல் மாலை 6 வரை எட்டு மணி நேரம் திறந்திருக்கும் ஒரு பொது அறையில், முதல் ஷிப்ட் முடித்தவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் 4 மணி நேரம், இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவருக்கும் 4, இரவு ஷிப்ட் பார்த்தவர் தூங்கி எழும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். காலை 8 முதல் இரவு 11 வரை 15 மணி நேரம் திறந்தால் அது முறையே 9, 7, 14 ஆகிறது. பயண நேரத்துக்கும் தூக்கத்துக்கும் பாதியைக் கழித்தாலும் மூவருக்கும் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் மிஞ்சும். கூடுதல் 7 மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட் ஊழியர்கள் வேண்டும், அந்தச் சம்பளத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.